தொண்ணூற்றாறு

கருவி கொடுத்த மதிப்பெண் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.
பச்சை வட்டம், பக்கத்தில் ஒரு டிக்.
அச்செடுத்து, காபி இயந்திரத்துக்கு மேலே
நான்தான் ஒட்டினேன்.

திங்கட்கிழமை துர்குன் வந்தார்.
ஓலசுண்ட் துறைமுகம், மீன்கிடங்குக்கு மேலே எங்கள் அலுவலகம்.
அக்டோபர் மழை கண்ணாடியில் சாய்ந்து சாய்ந்து விழுந்தது.
ஈரக் கோட்டை நாற்காலியில் போட்டு,
விரலால் தடவித் திரையின் சுவிட்சைக் கண்டுபிடித்து
அணைத்தார்.
"இது மின்சாரம் தின்னும். எனக்கு உதவாது."

நுரைக்கும் மூடுபனிக்கும் நடுவே
மூன்று வாரம் தேடி நான் எடுத்த சாம்பல் நிறம்
ஒரு சொடுக்கில் போயிற்று.

மிஞ்சியது ஒரு குரல்.
கூழாங்கல் கொட்டுகிற வேகம்;
அவர் காதுக்கு அதுதான் நிதானம்.
எனக்காகப் பாதியாக்கினார், அதையும் பாதியாக்கினார்,
பிறகுதான் கேட்டது:

பொத்தான்.
பொத்தான்.
இணைப்பு.
பொத்தான்.
படம்: படம்.
பொத்தான்.

"இதில் எது போகிற படகு, எது திரும்புகிற படகு?"
அம்புக்குறி வரைந்திருந்தேன், வளைவு வளைவாக.
அதற்குப் பெயர் வைக்கத் தோன்றவில்லை.
குரல் பொத்தான் பொத்தான் என்று சொல்லச் சொல்ல
பொத்தல் பொத்தல் என்றே விழுந்தது என் காதில்.

"இந்தப் படத்தில் என்ன இருக்கிறது?"
என் மடிக்கணினியைப் பார்த்துச் சொன்னேன்:
எங்கள் படகு, சாயங்கால வெளிச்சம், பின்னால் மலை...
"மலை அங்கேயே நிற்கட்டும்.
ஏறுகிற இடத்தில் படியா, சரிவா?
கைப்பிடி எந்தப் பக்கம்?"

உற்றுப் பார்த்தேன்.
கைப்பிடி இல்லை.
வெட்டாத படத்தில் உண்டு: இடப்பக்கம், நல்ல மஞ்சள்.
சாம்பலோடு ஒத்துவராது என்று வெட்டியவன் நான்.
அவரிடம் அதைச் சொல்லவில்லை.
இங்கே சொல்கிறேன்.

புதன்கிழமை எஸ்கில்.
கைநடுக்கம்; மவுஸ் அவருக்கு வழுக்கும் மீன்.
டேப் விசையைத் தட்டித் தட்டித்தான் நகர்வார்.
"இப்போது நான் எங்கே நிற்கிறேன்?"
நிற்கும் இடத்தைச் சுற்றி ஒரு நீலக்கோடு வரும்,
யாரும் கேட்காமலே உலாவி தருவது.
அசிங்கம் என்று ஒரே வரியில் அழித்திருந்தேன்.

எண்ணிக்கொண்டே தட்டினார்.
ஏழாவது என்று நினைத்தது எட்டாவது.
ஸ்வார்த்தோய் தீவுக்குத் தனக்கொரு டிக்கெட் கேட்டவருக்கு
நாய்க்கு ஒன்று விழுந்தது.
சிரித்தார். "நாய் இருந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும்."
மறுபடி முதலிலிருந்து.
முதற்பெயர். குடும்பப் பெயரில் பாதி.
*உங்கள் நேரம் முடிந்துவிட்டது.*

பத்து நிமிடம் தாராளம் என்று
ஏதோ ஒரு கூட்டத்தில் யாரோ சொன்னது.
எல்லோரும் தலையாட்டினோம்.
யார் என்பது குறிப்பேட்டில் இல்லை.

துர்குனின் அறிக்கையில் கோபம் இல்லை, நாற்பத்தொரு வரிகள் இருந்தன.
இருபத்திரண்டாவது:
"தவறான கட்டம் சிவப்பில் இருக்கும் என்கிறீர்கள்.
சிவப்பு என்ன சொல்கிறது?"

நீலக்கோட்டைத் திரும்பக் கொண்டுவந்தேன்.
சாம்பல் எழுத்துகள் கருத்தன.
அம்புக்குறிகளுக்குப் பெயர் வந்தது: போக, வர.
படம் பழைய அகலத்துக்கு விரிந்தது, மஞ்சளோடு.
கீழே எழுதினேன்:
படகில் ஏறச் சரிவுப்பாதை, படிகள் இல்லை, கைப்பிடி இடப்பக்கம்.
அப்போதும் மலையை ஒரு வார்த்தையாவது சேர்க்கக் கை துறுதுறுத்தது.
சேர்த்தேன். துர்குன் அடித்துவிடுவார்.

வெள்ளி இரவு. எல்லோரும் போயாயிற்று.
காபி இயந்திரத்துக்கு மேலிருந்த தாளைக் கிழித்தேன்,
பசை மட்டும் சுவரில் நின்றது.
திரையை அணைத்தேன், குரலை ஓடவிட்டேன்:
ஸ்வார்த்தோய்க்கு ஒருவர், நாய் இல்லை.

பெயர் எழுதினேன். சரி.
போக. சரி.
தேதி.
டேப். நவம்பர் ஒன்று. டேப். நவம்பர் இரண்டு.
முப்பதுவரை போனேன். அடுத்த டேப்,
நவம்பர் ஒன்று.
பின்னோக்கித் தட்டினேன், முப்பது.
எஸ்கேப் விசையை அமுக்கினேன், இரண்டு முறை, பத்து முறை.
விரல் தன்னால் திரையின் சுவிட்சுக்குப் போயிற்று,
பிடித்து இழுத்து மடியில் வைத்தேன்.

கீழே கடைசிப் படகு சங்கு ஊதியது.
நாற்பத்திரண்டாவது வரி.
நவம்பர் ஒன்று, என்றது குரல்.